ஆளுக்கொரு ஜிக்: முட்டி மாற்று அறுவையில் துல்லியம் எங்கே இருக்கிறது?

"ஸ்கேன் எடுத்து, நம்ம எலும்புக்குன்னே தனியா ஒரு அச்சு செஞ்சு வாங்குறாங்களாமே தம்பி. அதுல பண்ணுனா மில்லிமீட்டர் பிசகாம உக்காருமாம். அதுக்குத் தனியா பணம் கட்டணும்ங்குறாங்க. கட்டலாமா?"

கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் மையத்தில், முட்டி மாற்று அறுவைக்குத் தயாராகிறவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் டாக்டர் இல்லை, சி.டி. டெக்னீசியன். அந்த 'அச்சு'க்கு ஜிக் என்று பெயர், எலும்பை எங்கே வெட்டுவது என்று காட்டும் வழிகாட்டி. அதைச் செய்வதற்கான படத்தை எடுத்து அனுப்புவது எங்கள் வேலை. "டாக்டரைக் கேளுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் கேட்கிறவர்கள் குத்தகைப் பணத்தையோ கழுத்தில் கிடந்ததையோ கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் முட்டிகளில் பெரும்பாலானவை வலங்கைமான், பாபநாசம், நீடாமங்கலம் பக்கத்துப் பெண்களுடையவை. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, வீட்டுக்கு வந்தால் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்து, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிய கால்கள். வயது, உடல் எடை, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் மூட்டுத் தேய்மானம் வருகிறது. பல வருஷம் குந்தியும் மண்டியிட்டும் செய்த வேலை அதைக் கூட்டிவிடுகிறது. முட்டியின் உட்பக்கக் குருத்தெலும்புதான் பெரும்பாலும் முதலில் தேயும். அது தேயத் தேயக் கால் வெளிப்பக்கமாக வளையும். கணுக்கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னால், இரண்டு முட்டிகளுக்கும் நடுவே கை தாராளமாக நுழையும்.

அறுவையில் செய்வது என்ன? தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் சீவி எடுத்து, அங்கே உலோகப் பாகங்களைச் சிமெண்ட் வைத்துப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை. எந்தக் கோணத்தில் சீவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டின் மையம், முட்டியின் மையம், கணுக்காலின் மையம், இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும் என்பது பழைய விதி. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 3 டிகிரிக்குள் இருந்தால் சரி, அதைத் தாண்டினால் கோணல். இந்த 3 டிகிரிக்குப் பலரும் காட்டும் ஆதாரம் 1991-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு. 115 முட்டிகளைப் பார்த்தார்கள். கோடு நடுவிலிருந்து 3 டிகிரிக்குள் இருந்தவற்றில் 3 சதவீதம் பிற்பாடு தளர்ந்துபோயின. தாண்டியவற்றில் 24 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் கோணத்தைப் பற்றிக் கவலை வரத்தான் செய்யும்.

வழக்கமான முறையில், தொடை எலும்பின் அடியில் துளை போட்டு, உள்ளே மஜ்ஜைக் குழாய் வழியாக ஒரு நீளமான கம்பியை விடுவார்கள். அந்தக் கம்பியிலிருந்து 5 முதல் 7 டிகிரி தள்ளி வெட்டுக் கோணத்தை வைத்தால், பெரும்பாலான ஆட்களுக்கு மூன்று புள்ளிக் கோடு சரியாக வந்துவிடும். கீழ்க்காலுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து, முன்னெலும்பை ஒட்டி ஒரு கம்பியைக் கணுக்கால் வரை பிடித்துப் பார்ப்பார்கள். பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கான கால்களை நிமிர்த்திய முறை இது. குறை என்னவென்றால், தொடை எலும்பு நேராக இருக்கும் என்று அந்தக் கம்பி நம்புகிறது. நம் ஊர் வயதான பெண்கள் பலருக்குத் தொடை எலும்பே பக்கவாட்டில் வளைந்திருக்கும். வளைந்த குழாய்க்குள் போன நேர்க்கம்பி, கோணத்தைத் தவறாகத்தான் காட்டும்.

அங்கேதான் 'ஆளுக்கொரு ஜிக்' வருகிறது. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ படம் எடுத்து அனுப்பினால், ஜிக் செய்யும் நிறுவனத்தார் கணினியில் அந்த ஆளின் எலும்பை முப்பரிமாணத்தில் கட்டி எழுப்புவார்கள். எங்கே எவ்வளவு சீவ வேண்டும், எந்த அளவு பாகம் வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்னதும், நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் ஒரு வழிகாட்டியை அச்சடிப்பார்கள். அதன் உள்பக்கம் அந்த ஆளின் எலும்பு மேடு பள்ளத்துக்கு அப்படியே எதிர்வார்ப்பாக இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் எலும்பின் மேல் வைத்து அழுத்தினால் ஓரிடத்தில் பிடித்து உட்காரும். அது காட்டும் இடத்தில் எலும்பில் உலோக ஊசியை அடித்து நிறுத்தி வெட்ட வேண்டியதுதான். கம்பி விட வேண்டாம், தட்டுத் தட்டாகக் கருவிகள் வேண்டாம். ஒருவருக்கு ஒருமுறை, அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இந்த யோசனையை ஜெர்மனியின் ஆகென் நகரத்து ஆய்வாளர்கள் 1998-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். முட்டி மாற்றில் இதைச் சோதித்துப் பார்த்து 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரிப் பிழை 1.7 டிகிரிக்குள், 0.8 மில்லிமீட்டருக்குள் என்று வந்தது. அருமையான எண்கள். ஆனால் அந்த 45 முட்டிகளில் 16 இறந்தவர்களின் முட்டிகள், 29 பிளாஸ்டிக் முட்டிகள். ரத்தம் கசியாது, கொழுப்பு வழுக்காது, தசைநார் இழுக்காது. விளம்பரத்தில் எண் மட்டும் வரும், எந்த முட்டி என்பது வராது. எந்தத் துல்லியக் கணக்கைப் பார்த்தாலும் அது யாருடைய முட்டியில் அளந்தது என்று முதலில் கேட்பது நல்லது.

சந்தைக்கு வந்த அவசரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஓட்டிஸ்மெட் என்ற நிறுவனம் 2006 முதல் 2009 வரை, அந்நாட்டு மருந்து நிர்வாகத்தின் அனுமதி இல்லாமலே 18,000-க்கும் மேற்பட்ட ஜிக்குகளை விற்றது. 2009 செப்டம்பரில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகும் மேலும் சிலவற்றை அனுப்பியது. 2014-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 8 கோடி டாலருக்கு மேல் கட்டியது. நுட்பம் தப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. நோயாளியின் உடம்புக்குப் போகிற ஒரு பொருளுக்குச் சான்று முதலில் வர வேண்டும், விற்பனை பிறகுதான் வர வேண்டும். அந்த வரிசை அங்கே தலைகீழானது.

சரி, என் மேசைக்கு வருகிறேன். ஜிக்கின் துல்லியம் பிரின்டரில் தொடங்கவில்லை, எங்கள் ஸ்கேன் மேசையில்தான் தொடங்குகிறது. தேய்ந்த முட்டி முழுசாக நீளாது. மல்லாக்கப் படுத்துக் காலை அசைக்காமல் வைத்திருப்பதே அவர்களுக்குப் பெரிய வேதனை. முட்டிச்சில்லு நேர் மேலே பார்க்கும்படி பாதத்தைத் திருப்பி, பக்கத்தில் ஸ்பாஞ்ச் கொடுத்து, பட்டை போட்டுப் பிடிக்கிறோம். இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று தனித்தனியாகப் படம் ஓடும்; முட்டிக்கு மட்டும் மெல்லிய துண்டுகள், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ. இடுப்பு முடிந்து கணுக்காலுக்குப் போவதற்குள் கால் கொஞ்சம் புரண்டால் போதும், இடுப்பு ஒரு நிலையிலும் கணுக்கால் வேறு நிலையிலும் பதிவாகிவிடும். கணினிக்கு அது தெரியாது. இரண்டையும் ஒரே கால் என்று நினைத்துக் கோடு போட்டுவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்காகச் சில நிறுவனங்கள் காலோடு ஒரு நேரான கோலையும் சேர்த்துக் கட்டிப் படமெடுக்கச் சொல்கின்றன. படத்தில் கோல் முறிந்து தெரிந்தால் கால் அசைந்திருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும்.

வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருவர், ஸ்கேன் நடந்துகொண்டிருக்கும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பாதத்தை மெல்லத் திருப்பிவிட்டார். திரையில் கணுக்கால் வேறு பக்கம் பார்ப்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். "கொஞ்சம் இழுத்துக்கிச்சு தம்பி, லேசாத்தான் அசைச்சேன். அது ஒரு தப்பா?" என்றார். தப்பில்லைம்மா, இன்னொரு தடவை எடுத்துக்கலாம் என்று காலைத் தடவி விட்டு, இழுப்பு விடும்வரை காத்திருந்து முதலிலிருந்து எடுத்தோம். வெளியே வரிசை நின்றது. அந்த வரிசையைப் பார்த்து 'பரவாயில்லை, அனுப்பிவிடுவோம்' என்று நினைத்தால், எங்கோ ஓர் ஊரில் மிகத் துல்லியமாக ஒரு தவறான ஜிக் அச்சாகும். அதனால்தான் எங்கள் வேலையை நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை.

சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சி.டி.யில் எலும்பு நன்றாகத் தெரியும், குருத்தெலும்பு சரியாகத் தெரியாது. அதனால் சி.டி.யை வைத்துச் செய்த ஜிக் உட்காரும் இடங்களில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பை மருத்துவர் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பு தெரியும். ஆனால் நேரம் அதிகம், அசைவும் அதற்கேற்ப அதிகம். இரண்டிலுமே ஆள் படுத்திருக்கிறார். நிற்கும்போது உடல் எடை இறங்கி, தசைநார்கள் ஒரு பக்கம் இறுகி இன்னொரு பக்கம் தளர்ந்து, கால் எப்படி வளைகிறது என்பது இந்தப் படங்களில் கிடையாது. எந்த நாரை எவ்வளவு விடுவிப்பது என்று தியேட்டரில் கையால் அசைத்துப் பார்த்து முடிவு செய்வது மருத்துவர்தான்.

இன்னொன்று. இந்தப் படத்துக்கு ஆயுள் உண்டு. "அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும்" என்று தள்ளிப் போடுகிறவர்கள் இங்கே நிறைய. மாதக்கணக்கில் தள்ளினால் எலும்பு இன்னும் தேயும், ஓரங்களில் எலும்பு முள் வளரும். பழைய படத்தில் செய்த ஜிக் அப்புறம் சரியாகப் பொருந்தாது. தேதி உறுதியான பிறகு ஸ்கேனுக்கு வந்தால் போதும்.

அடுத்த கண்ணி, ஜிக் எலும்பில் உட்காரும் நொடி. பிழை அதிகம் நுழையும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். குறுவைக்கு முன்னால் வயலை லேசர் லெவலர் வைத்துச் சமன் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். லேசர் முக்காலி நிற்கும் இடம் நெகிழ்ந்து பாதி வேலையில் ஓரிரு அங்குலம் இறங்கிவிட்டால், மீதி வயல் முழுக்க அந்த அளவு பள்ளமாகிவிடும். டிராக்டர் பெட்டி தன் கணக்கில் சரியாகவே சீவியிருக்கும். ஜிக்கும் அப்படித்தான். ஓரத்தில் கொஞ்சம் கொழுப்பு, சுரண்டாமல் விட்ட குருத்தெலும்பு, முன்கூட்டியே கழற்றிவிட்ட ஓர் எலும்பு முள், இதில் எது இருந்தாலும் ஜிக் சாய்ந்து உட்காரும். அவசரத்தில் முள்ளை முதலில் எடுத்துவிட்டால் ஜிக்குக்குப் பிடிமானமே போய்விடும், ஏனென்றால் அந்த முள்ளையும் சேர்த்துத்தான் அச்சு எடுத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பிடிமானங்களில் ஒன்று 2 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டால், கோணம் ஏறக்குறைய 3 டிகிரி சாய்ந்துவிடும். மேலே சொன்ன எல்லை முழுவதும் அந்த 2 மில்லிமீட்டரிலேயே தீர்ந்துபோகிறது.

தொடை எலும்பில் இந்தச் சிக்கல் குறைவு. அதன் முனை அகலம், மேடு பள்ளம் அதிகம், ஜிக் கவ்விக்கொள்ளும். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையோ ஏறக்குறைய தட்டை. முன்னால் முட்டிச்சில்லிலிருந்து இறங்கும் தடித்த நார் வேறு வழியை மறிக்கும். ஜிக் அங்கே வழுக்க வாய்ப்பு அதிகம். ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 44 ஆய்வுகளை, 5,800-க்கும் மேற்பட்ட முட்டிகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், தொடை எலும்புப் பாகத்தின் கோணமும் மொத்தக் காலின் கோடும் ஜிக்கால் கொஞ்சம் மேம்பட்டிருந்தன. கீழ்க்கால் பாகத்திலோ எல்லை தாண்டியவை கூடியிருந்தன. அறுவை நேரம் சராசரியாக 4 நிமிடம் போலக் குறைந்தது, ரத்த இழப்பில் மிச்சமானது 40 மில்லிலிட்டருக்கும் கீழேதான். மொத்தக் கோட்டிலேயே பெரிய மாற்றம் இல்லை என்று சொன்ன தொகுப்புகளும் உண்டு. வலி, நடை, படியேறுவது இவற்றில் வழக்கமான முறையை விடத் தெளிவாக மேல் என்று காட்டும் சான்று வரவில்லை.

ஜிக் சரியாக உட்கார்ந்து ஊசியும் அடித்த பிறகு ரம்பம் இருக்கிறது. கெட்டியான எலும்பில் அலகு லேசாக வளையும். அப்புறம் சிமெண்ட் ஒரு பக்கம் தடித்துவிடலாம். இவற்றை எந்தப் பிளாஸ்டிக்கும் தடுக்காது. ரோபோ உதவியோடு செய்யும் முறையில் ஒரு வசதி உண்டு: வெட்டுவதற்கு முன் எலும்பின் மேல் பல புள்ளிகளைத் தொட்டு, 'படத்தில் இருக்கும் எலும்பும் இங்கே இருக்கும் எலும்பும் பொருந்துகின்றனவா' என்று சரிபார்த்துக்கொள்வார்கள். ஜிக்கில் அந்தச் சரிபார்ப்பு மருத்துவரின் கண்ணும் கையும்தான். நல்ல மருத்துவர் ஜிக் வைத்த பிறகும் கீழே கணுக்கால் வரை ஒரு கோலைப் பிடித்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஜிக்கை எடுத்து வைத்துவிட்டுப் பழைய கருவிக்குப் போவார். அப்படிப் போகிறவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு நேராக்குகிறோமே, நேர்கோடுதான் எல்லாருக்கும் சரியா? இதில் மருத்துவ உலகமே யோசனை மாறி வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 398 முட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் எழுதினார்கள். 15 வருஷம் கழித்துப் பார்த்தபோது, 3 டிகிரிக்குள் இருந்தவை அதிகம் உழைத்தன என்று சொல்ல முடியவில்லை. 1991 ஆய்வுக்கு இது நேர் எதிர். இடைப்பட்ட காலத்தில் உலோகமும் பாலிஎத்திலீனும் மேம்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2012-ல் பெல்ஜியத்தில் முட்டியில் எந்த நோயும் இல்லாத இளம் வயதினரை அளந்தபோது, ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் கால் இயல்பாகவே 3 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருந்தது. அப்படி இயல்பிலேயே கொஞ்சம் வளைந்த காலோடு ஐம்பது வருஷம் வயலில் நடந்த ஒருவரை, அறுபது வயதில் அளவுகோல் வைத்து நேராக்கினால், அவர் தசைநார்களுக்கு அது புதிய கால். கனடாவில் 1,703 பேரைக் கேட்டு 2010-ல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 19 சதவீதம் பேர் திருப்தி இல்லை என்றே சொன்னார்கள். அந்த ஐந்தில் ஒருவரின் குறையைக் கோணத்தை மட்டும் இன்னும் துல்லியமாக்கித் தீர்த்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் ஜிக் வேண்டாமா? சிலருக்கு நிச்சயம் வேண்டும். மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், இளவயதில் பைக்கில் விழுந்து தொடை எலும்பு உடைந்து பிளேட் வைத்தவர். எலும்பு கோணலாகவே சேர்ந்திருந்தது, திருகாணிகள் இன்னும் உள்ளே. வழக்கமான கம்பி அந்தக் குழாய்க்குள் நுழையவே நுழையாது. அவருக்கு ஜிக் எழுதிக்கொடுத்த மருத்துவர் மிகச் சரியான காரியம் செய்தார் என்பேன். தொடை எலும்பு அதிகமாக வளைந்தவர்கள், பழைய எலும்பு முறிவு உள்ளவர்கள், உள்ளே உலோகம் இருப்பவர்கள், இவர்களுக்கு இது வசதி மட்டுமில்லை, வழியே இதுதான் என்றுகூட ஆகலாம்.

மற்றவர்களுக்கு, கடன் வாங்கி இதற்குக் கட்டாதீர்கள் என்பதே என் பதில். எலும்பில் வைக்கும் பாகங்களுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை வரம்பு கொண்டுவந்தது. வழக்கமான கோபால்ட்-குரோமியம் முட்டிக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். மாநில அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் முட்டி மாற்று அறுவைக்கு இடமுண்டு. முதலில் அதைத் தீர விசாரியுங்கள். அப்புறம் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: என் அம்மாவின் தொடை எலும்பு வளைந்திருக்கிறதா, இந்த ஜிக் இல்லாமல் செய்வதில் என்ன சிரமம், நீங்கள் வழக்கமாக எந்த முறையில் அதிகம் செய்கிறீர்கள்? கை பழகிய முறையில் செய்யும் மருத்துவர், பழகாத புதுக்கருவியோடு நிற்கும் மருத்துவரை விட எனக்கு மேல். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். நான் பார்த்தவரை, நல்ல மருத்துவர்கள் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் கோடு போட்டே காட்டுகிறார்கள்.

பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த பாய் ஒருவர் கேட்டது வேறு மாதிரி: "தொழுகையில மண்டி போட முடியுமா?" அதற்கு ஜிக்கோ ரோபோவோ பதில் சொல்லாது. அறுவைக்கு முன் முட்டி எவ்வளவு மடங்கியது, அறுவைக்கு மறுநாளிலிருந்து பயிற்சியை எவ்வளவு விடாமல் செய்தார் என்பதில்தான் பெரும்பங்கு இருக்கிறது. பலர் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்கள். இதையும் அறுவைக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது.

கடைசியாக, படம் எடுக்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். எந்த முறையில் செய்தாலும், ஊன்றி நிற்க முடிந்த பிறகு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்ற நிலையில் முழுக்கால் எக்ஸ்ரே ஒன்று எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கானோகிராம் என்போம். பெரும்பாலும் முட்டியை மட்டும் சின்னப் படமாக எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் பாகம் உட்கார்ந்திருப்பது தெரியும், மூன்று புள்ளிக் கோடு தெரியாது. எடுக்கும்போது இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள், முட்டிச்சில்லு நேர் முன்னே பார்க்கட்டும். பாதம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருந்து முட்டியும் சற்று மடங்கியிருந்தால், நேரான கால்கூடப் படத்தில் கோணலாகத் தெரியும். முட்டி இன்னும் முழுசாக நீளவில்லை என்றால் சில வாரம் கழித்து வாருங்கள், அவசரமில்லை. நிற்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மகனோ மகளோ கூட வந்தால் ஈயக் கோட்டு ஒன்று கொடுத்து உள்ளேயே நிற்க வைத்துக்கொள்கிறோம்.